ஒரு பிடி மாதிரி: ஜப்பானியச் சித்திரப் படங்களைப் பழக்கமில்லாதவருக்குக் காட்டுவது எப்படி?

2025 மார்ச் மாதக் கடைசியில் நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். ஒரே வாரத்தில் பாதிப் பேருக்கு முகம் மாறிவிட்டது. கல்யாணப் போட்டோ, அறுபதாம் கல்யாணப் போட்டோ, பேரக் குழந்தைக்கு மொட்டை அடித்த போட்டோ எல்லாம் பச்சைப் புல்வெளி, பஞ்சு மேகம், அகலமான கண் என்று வந்து இறங்கின. சாட்ஜிபிடி என்னும் கணினிச் செயலியிடம் படத்தைக் கொடுத்து ‘கிப்லி மாதிரி வரைந்து கொடு’ என்றால் கொடுத்துவிடுகிறதாம். நான் குழுவில் சும்மா ஒரு கேள்வி போட்டேன். “இந்தக் கிப்லி எடுத்த சினிமா ஒன்றையாவது முழுசாகப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?” மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். விசாரித்ததில் அவற்றில் இரண்டு, அப்பா போனை எடுத்து விளையாடிக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளின் கை.

நிழலை வீட்டுக்கு வீடு மாட்டிக்கொண்டோம், மரத்தைப் பார்த்ததில்லை. அந்த மரத்தைக் காட்டுவதுதான் இக்கட்டுரையின் நோக்கம். அதைவிட முக்கியமாக, இப்படங்களைப் பார்த்து ரசித்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்கு எப்படிக் காட்ட வேண்டும், காட்டும்போது என்ன தவறு நேர்கிறது என்பதையும் என் அனுபவத்தில் கண்டவாறு சொல்ல விரும்புகிறேன்.

‘இவன் யார் இதை எழுத?’ என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சென்ற மலர்களில் சீவக சிந்தாமணி பற்றியும் பழைய எடை, அளவுகள் பற்றியும் எழுதியவன், இப்போது பொம்மைப் படத்துக்கு வந்துவிட்டானே என்று தோன்றும். வந்தவாசிப் பக்கம் பிறந்து, பள்ளிப் படிப்போடு நிறுத்தி, மும்பைக்கு வந்து வாஷி தானியச் சந்தையில் அரிசி, பருப்பு வியாபாரம் செய்பவன் நான். தமிழும் தானாகப் படித்ததுதான், இதுவும் தானாகப் படித்ததுதான். ஆசிரியர் என் பதினைந்து வயதுப் பேத்தி.

அனிமே என்றால் என்ன?

‘அனிமேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஜப்பானியர் தங்கள் வாய்க்கு ஏற்பச் சுருக்கிக்கொண்டதே ‘அனிமே’. அது ஒரு கதைவகையின் பெயர் அல்ல. கதையை ஊற்றி வைக்கும் பாத்திரத்தின் பெயர். பாத்திரத்தில் பாயசமும் இருக்கலாம், கஷாயமும் இருக்கலாம். குழந்தைக் கதை, போர்க் கதை, காதல் கதை, துப்பறியும் கதை, கிழவர் கதை எல்லாம் அதில் உண்டு. ‘அனிமே எனக்குப் பிடிக்காது’ என்று ஒருவர் சொன்னால், ‘எவர்சில்வர் டம்ளரில் இருப்பது எதுவும் எனக்குப் பிடிக்காது’ என்று சொல்வதற்குச் சமம்.

நாம் இதை அறியாமலே நெடுங்காலமாகப் பார்த்து வருகிறோம். 1993 வாக்கில் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை மௌக்ளி வந்ததே, தெருவே வெறிச்சோடிப் போகுமே, அது ஜப்பானில் 1989-இல் தயாரான தொடர். இந்திக்கு வந்தபோது குல்சார் பாட்டு எழுத, விஷால் பரத்வாஜ் இசையமைத்தார். டோரேமான் என்ற நீலப் பூனையைச் சோறூட்டும்போது போடாத வீடு உண்டா? இவையெல்லாம் அனிமேதான்.

இன்னொன்று நமக்கு மிக நெருக்கமானது. யூகோ சாகோ என்ற ஜப்பானியர், அகழ்வாய்வாளர் பி.பி.லாலின் இராமாயணத் தல ஆய்வுகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க 1983-இல் இந்தியா வந்தார். வந்த இடத்தில் இராமகதையில் மனம் ஒட்டிக்கொண்டது. நம் நாட்டுச் சித்திரப்பட முன்னோடி ராம் மோகன், ஜப்பானியரான கோயிச்சி சாசாகி ஆகியோருடன் சேர்ந்து ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்ற முழுநீளச் சித்திரப் படத்தை உருவாக்கினார். 1993 ஜனவரியில் டில்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அப்போது பரவலாக ஓடவில்லை. பிறகு தொலைக்காட்சி வழியே ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் மனத்தில் அது இடம் பிடித்தது. 2025 ஜனவரி 24 அன்று இந்தி, தெலுங்கு, ஆங்கிலத்துடன் தமிழிலும் திரையரங்குகளுக்கு வந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் நம் வீட்டுக் கதையை எடுத்துப் பதமாகச் சமைத்து நமக்கே பரிமாறினார். அவர் வீட்டுக் கதையை நாம் சுவைத்துப் பார்க்கத் தயங்கலாமா?

கிப்லி யார்?

ஹயாவோ மியாசாகி (1941-இல் பிறந்தவர்), இசாவோ தகஹாத்தா (1935–2018) என்ற இரு இயக்குநர்களும் தயாரிப்பாளர் தோஷியோ சுசுகியும் இணைந்து வளர்த்த படநிறுவனம் அது. தொடங்கிய ஆண்டு 1985. ‘கிப்லி’ என்பது சகாராப் பாலைவனத்து வெப்பக் காற்றுக்கு இத்தாலியர் வழங்கும் பெயர். ஓர் இத்தாலிய விமானத்துக்கும் அப்பெயர் உண்டு. மியாசாகி விமானப் பித்தர், அதனால் வைத்தார். ஜப்பானியர் ‘ஜிபுரி’ என்பார்கள்.

மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ 2001-இல் வெளிவந்தது. 2002-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடிப் பரிசைப் பகிர்ந்துகொண்டது, 2003-இல் ஆஸ்கார் வாங்கியது. ஜப்பானில் அது வசூலித்த தொகையை 2020 வரை வேறு எந்தப் படமும் தாண்டவில்லை. எண்பதைத் தாண்டிய பின்னும் அவர் விடவில்லை. 2023-இல் எடுத்த ‘தி பாய் அண்ட் த ஹெரான்’ 2024-இல் இரண்டாவது ஆஸ்காரைக் கொண்டுவந்தது.

பெரியவர்கள் சொல்லும் நான்கு தடைகள்

என் வீட்டாரும் நண்பர்களும் சொன்ன தடைகளைத் தொகுத்துப் பார்த்தேன். நான்கில் அடங்கிவிட்டன.

முதலாவது: “இது குழந்தைங்க பார்க்கிறது.” நானும் இதையே சொன்னவன். ‘செவன் சாமுராய்’ எடுத்த அகிரா குரோசாவா தமக்குப் பிடித்த நூறு படங்கள் என்று ஒரு பட்டியல் விட்டுச் சென்றிருக்கிறார். அதில் மியாசாகியின் ‘மை நெய்பர் டொட்டோரோ’ இருக்கிறது. குரோசாவாவுக்குப் போதுமானது நமக்குப் போதாதா?

இரண்டாவது: “கண்ணு பெரிசு பெரிசா, வாய் மட்டும் அசையுது.” இதற்கு ஒரு கணக்கு உண்டு. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 சட்டம் ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் வரைந்தால் கட்டுப்படியாகாது. 1963 ஜனவரி முதல் தேதி ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சியில் தொடங்கியபோது, வாராவாரம் கொடுக்க வேண்டிய அவசரத்தில் ஒரே படத்தைப் பல சட்டங்களுக்கு நிறுத்தி, கண்ணையும் வாயையும் மட்டும் அசைத்துச் சிக்கனம் செய்தார்கள். சிக்கனம் பிறகு பாணியாகிவிட்டது. திரைக்கென எடுக்கும் நல்ல படங்களில் உழைப்பு வேறு. ஒரு சிறுமி செருப்பை மாட்டிக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஒருமுறை தட்டிச் சரிசெய்துவிட்டு ஓடுவதைக்கூட வரைந்திருப்பார்கள். அதைக் கவனித்துவிட்டால் கண் அளவு மறந்துபோகும்.

மூன்றாவது: “ரொம்ப மெதுவா போகுது.” இது குறை அல்ல, குணம். மியாசாகி ஓர் அமெரிக்க விமரிசகரிடம் பேசும்போது கையை மூன்று நான்கு முறை தட்டிக் காட்டி, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்கு ஜப்பானியத்தில் ‘மா’ என்று பெயர் என்றாராம். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மூச்சு முட்டும் என்பது அவர் கருத்து. தாளம் போட்டுக் கச்சேரி கேட்கும் நமக்கு இதை விளக்க வேண்டுமா? தட்டு மட்டும் தாளம் அல்ல, வீச்சும் தாளம்தான்.

நான்காவது: “பாஷை புரியாது.” இதுதான் உண்மையான தடை. ஆனால் ஒரு வியப்பு உண்டு. ஆங்கிலக் குரலில் கேட்பதைவிட ஜப்பானியக் குரலில் கேட்டால் தமிழ்க் காதுக்குச் சில விஷயங்கள் நன்றாகப் புரியும். வினைச்சொல் நம்மைப் போலவே வாக்கியக் கடைசியில் வரும். தங்கை அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ‘ஒனே-சான்’ என்பாள், அதாவது ‘அக்கா’. அண்ணன் ‘நீ-சான்’. ஆங்கில எழுத்து இதையெல்லாம் வெறும் பெயராக்கிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவதும், தரையில் பாய்மேல் உட்காருவதும், பெரியவர் வந்தால் குரல் தாழ்வதும் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியவை அல்ல.

நான் செய்த பிழை

இனி என் தோல்வியைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது உபதேசமாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் பேத்தியோடு இரண்டு மூன்று படம் பார்த்த ஜோரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் எட்டுப் பேரை வீட்டுக்கு அழைத்தேன். ‘பொம்மைப் படம்னா இளப்பமா நினைக்கிறாங்களே, இருக்கிறதிலேயே பெரிய சரக்கா இறக்கிக் காட்டுறேன் பார்’ என்ற வீம்பு. தகஹாத்தாவின் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’ படத்தைப் போட்டேன்.

அதன் கதை இது. 1945, கோபே நகரம். அமெரிக்க விமானங்களின் தீக்குண்டுகளில் தாயை இழந்த பதினான்கு வயதுப் பையனும் அவன் நான்கு வயதுத் தங்கையும் உறவினர் வீட்டில் ஒதுங்குகிறார்கள். அங்கே மனம் கசந்து வெளியேறி, ஒரு குளக்கரைப் பதுங்குகுழியில் வாழ்கிறார்கள். உணவு இல்லை. முடிவு முதல் காட்சியிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. அகியுகி நோசாகா 1967-இல் தம் சொந்தத் துயரத்திலிருந்து எழுதிய கதை அது. பட்டினியில் தங்கையைப் பறிகொடுத்தவர் அவர். இயக்கிய தகஹாத்தாவும் ஒன்பது வயதில் ஓகயாமா நகரக் குண்டுவீச்சில் தப்பியவர். உலகில் எடுக்கப்பட்ட போர்ப் படங்களில் தலைசிறந்த ஒன்று என்று அறிஞர் பலர் சொல்வது மிகையல்ல.

நான் இதில் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. “பாருங்க, அப்புறம் பேசலாம்” என்றேன். முக்கால் பகுதி ஓடியபோது, எண்பதை நெருங்கிய ஒரு பெரியவர் எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பிறகு பல வாரம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவருக்குச் சின்ன வயதில் ஒரு தங்கை இருந்ததும், ஊரில் மருந்து கிடைக்காமல் காய்ச்சலில் அவர் மடியிலேயே போய்விட்டதும் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அந்தப் படம் நெடுக அந்தக் குழந்தை ‘அண்ணா, அண்ணா’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னார்: “படத்து மேல தப்பில்ல தம்பி. சொல்லாம காட்டினியே, அதுதான் தப்பு.”

நாற்பது வருஷம் அரிசி விற்றவனுக்கு இது தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. சந்தையில் ஒருவர் வந்து ‘அரிசி காட்டுங்க’ என்றால் விலை உயர்ந்த மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவோமா? “எதுக்குங்க? இட்லிக்கா, சாப்பாட்டுக்கா, பிரியாணிக்கா? வீட்டுல வயசானவங்க இருக்காங்களா?” என்று கேட்போம். பிறகு குத்தூசியை மூட்டையின் நடுவில் செருகி ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டுவோம். அவர் முகர்வார், கடித்துப் பார்ப்பார். நாம் பேசாமல் நிற்போம். வியாபாரத்தில் கற்ற இந்தப் பாடத்தைக் கலையில் மறந்துவிட்டேன்.

யாருக்கு எது?

அதன்பின் நான் கைக்கொண்ட முறையை இங்கே தருகிறேன்.

*குழந்தையும் பாட்டியும் சேர்ந்து பார்க்க*: ‘மை நெய்பர் டொட்டோரோ’ (1988). ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இரண்டு சிறுமிகள் அப்பாவோடு கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள். அருகே ஒரு பெரிய கற்பூர மரம். அதில் கயிறு சுற்றிக் கும்பிடுவார்கள், நம் ஊரில் அரசமரத்துக்கு மஞ்சள் துணி கட்டுவது போல. அந்த மரத்துக்குள் தூங்கும் பெரிய விலங்குதான் டொட்டோரோ. அம்மா உடம்புக்கு என்னவோ என்று சின்னவள் ஒரு சோளக் கதிரைத் தூக்கிக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாளே, அங்கே எந்தப் பாட்டியும் ‘ஐயோ’ என்று சொல்லாமல் இருந்ததில்லை. மியாசாகியின் தாயாரும் பல ஆண்டு நோயில் கிடந்தவர் என்பதைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள்.

இந்தப் படமும் மேலே சொன்ன ‘ஃபயர்ஃபிளைஸ்’ படமும் 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் ஒரே சீட்டில் இரட்டைப் படமாக வெளியாயின என்பது பலர் அறியாத செய்தி. ஒரே பந்தியில் பாயசமும் கஷாயமும்! எதை முதலில் பரிமாறுவது என்ற சங்கடம் எனக்கு மட்டும் உரியதல்ல என்று ஆறுதல் கொண்டேன்.

*தாய்மார்களுக்கு*: மமோரு ஹொசோதாவின் ‘உல்ஃப் சில்ட்ரன்’ (2012). கணவனை இழந்த இளம்பெண் ஹனா, ஓநாயாகவும் மனிதராகவும் மாறும் இரு குழந்தைகளை மலைக் கிராமத்தில் தனியாக வளர்க்கிறாள். காய்கறி பயிரிடக் கற்றுக்கொள்கிறாள். பிள்ளைகள் இருவரும் இருவேறு வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவள் விட்டுக்கொடுக்கிறாள். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு விமான நிலையத்திலிருந்து திரும்பிய எந்தத் தாய்க்கும் விளக்கவுரை தேவைப்படாது.

*இலக்கிய ரசிகர்களுக்கு*: தகஹாத்தாவின் கடைசிப் படமான ‘தி டேல் ஆஃப் த பிரின்சஸ் ககுயா’ (2013). மூங்கிலுக்குள் கண்டெடுத்த பெண்குழந்தை, அவளைச் சீமாட்டியாக்க நினைக்கும் வளர்ப்புத் தந்தை, கடைசியில் அழைத்துப்போக வரும் நிலவுலகத்தார். ஆயிரம் ஆண்டுப் பழமையான கதை. கரிக்கோடும் நீர்வண்ணமுமாக வரைய எட்டு ஆண்டு பிடித்ததாம். மகளுக்கு நல்லது செய்வதாக நினைத்து அவள் சிரிப்பை அழிக்கும் தந்தையைப் பார்த்து எனக்கே உறுத்தியது.

*கல்லூரி வயதினருக்கு*: மகோத்தோ ஷின்காயின் ‘யுவர் நேம்’ (2016). தோக்கியோப் பையனும் மலைக்கிராமத்துப் பெண்ணும் உடல் மாறி விழிக்கும் வேடிக்கையாகத் தொடங்கி, 2011 சுனாமிக்குப் பிந்திய ஜப்பானின் துக்கத்தை மறைவாகத் தொட்டு முடியும்.

*மனம் திடமானவர்களுக்கு, சொல்லிவிட்டு*: ‘ஃபயர்ஃபிளைஸ்’. 2024 செப்டம்பரில் நெட்பிளிக்ஸுக்கும் வந்தது. அவ்வளவு பாரம் தாங்காது என்பவர்களுக்கு, ஹிரோஷிமாவை அடுத்த கூரே நகரில் ஒரு மருமகளின் போர்க்கால அடுப்படியைக் காட்டும் ‘இன் திஸ் கார்னர் ஆஃப் த வேர்ல்ட்’ (2016). சுனாவோ கதபுச்சி இயக்கியது. பங்கீட்டு அரிசியை எப்படி ஊற வைத்து அளவைக் கூட்டுகிறாள் என்பதைப் பார்த்து என் மனைவி, “எங்க பாட்டியும் இப்படித்தாங்க செய்வாங்க” என்றாள்.

*முதல் படமாகக் காட்டக் கூடாதவை*: ‘பிரின்சஸ் மொனோனோகே’ (1997) மகத்தான படம். ஆனால் தொடக்கத்திலேயே அம்பு பட்டுக் கை, தலை பறக்கும். ‘அகிரா’ (1988) பேர்பெற்றது, ஆனால் கடுமையானது. ‘தி பாய் அண்ட் த ஹெரான்’ மியாசாகியை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கே பிடிபடும். 2025 செப்டம்பரில் தமிழ்க் குரலிலும் வந்து கூட்டம் சேர்த்த ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ ஒரு நீண்ட தொடரின் பிற்பகுதி. முன்கதை தெரியாத தாத்தாவை அதற்கு அழைத்துப் போவது, மகாபாரதம் கேட்டறியாதவரைப் பதினான்காம் நாள் யுத்தத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பது போன்றது. புகழ் வேறு, முதல் பிடி வேறு.

காட்டும் முறை

1. நோய், சாவு, குழந்தைத் துயரம் படத்தில் இருந்தால் முன்னரே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கதையைச் சொல்ல வேண்டாம், பாரத்தைச் சொல்லுங்கள்.

2. ‘உலகத்திலேயே சிறந்த படம்’ என்று முழக்காதீர்கள். “எனக்குப் பிடிச்சுது, பாருங்களேன்” போதும். அதிகம் புகழ்ந்த சரக்கை வாங்குபவர் சந்தேகத்தோடுதான் கடிப்பார்.

3. பெரியவருக்கு அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படிக்க முடியாது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் மெல்லச் சொல்லட்டும். என் பேத்தி முதலில் இந்தி கலந்து தடுமாறினாள். மூன்றாவது படத்தில் ‘சோகமா’ இல்லாமல் ‘ஏக்கமா’ என்று ஒரு சொல் தேடிப் பிடித்தாள். எந்த வகுப்பிலும் அவள் அவ்வளவு தமிழ் பேசியதில்லை.

4. நேரம் முக்கியம். எங்கள் வீட்டில் பொழுது சாயுமுன் சாப்பாடு முடிந்துவிடும். ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதுக்குள் முடியும். பசியோடோ தூக்கத்தோடோ உட்கார வைத்தால் பழி படத்தின்மேல் விழும். ஒரு நாளைக்கு ஒரு படம் போதும்.

5. ‘போரடிக்குது’ என்று ஓட்டிவிடாதீர்கள். 1984-இல் வந்த மியாசாகியின் ‘நௌசிக்கா’ படத்தை, அடுத்த ஆண்டு அமெரிக்கர் இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டி, பெயரையும் மாற்றிச் சண்டைப் படமாக்கி வெளியிட்டார்கள். கதை சிதைந்தது. அதன்பின் ‘ஒரு துண்டும் வெட்டக் கூடாது’ என்பதைக் கிப்லியார் நிபந்தனையாகவே வைத்தார்கள். மெதுவான இடத்தைத் தள்ளிவிட்டால் நாமும் அதே வெட்டைத்தான் செய்கிறோம்.

6. முடிந்ததும் “எப்படி? எப்படி?” என்று முகத்தைப் பார்க்காதீர்கள். காப்பி போடுங்கள். பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் குற்றமில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையைக் கொடுத்தால்தான் அடுத்த முறை வருவார்.

7. கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. வீட்டில் பார்ப்பது வேறு. சங்க மண்டபத்தில் நாற்காலி போட்டுக் காட்டுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். விழாக் குழுவினர் கவனிக்க.

பெயரை மறந்தால்

‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தை மேலே பட்டியலில் சேர்க்காமல் நிறுத்தி வைத்தேன். அது நமக்கென்றே எடுத்தது போன்ற படம், அதாவது ஊரைவிட்டு வந்தவர்களுக்கு.

பத்து வயதுச் சிஹிரோ, பெற்றோரோடு வேற்றூருக்குக் குடிபோகும் வழியில் தெய்வங்கள் குளிக்க வரும் ஒரு விடுதியில் சிக்கிக்கொள்கிறாள். கண்டதைத் தின்ற பெற்றோர் பன்றிகளாகிவிடுகிறார்கள். அங்கே பிழைக்க வேண்டுமானால் வேலை செய்ய வேண்டும். வேலை கொடுக்கும் கிழவி முதலில் எடுத்துக்கொள்வது அவள் பெயரை. ‘சிஹிரோ’ போய், ‘சென்’ என்ற துண்டு மட்டும் மிஞ்சுகிறது. “உன் பேரை மறந்துட்டா திரும்பிப் போற வழி தெரியாது” என்ற பொருளில் ஒரு பையன் எச்சரிக்கிறான். அவனே தன் பெயரை மறந்தவன். யார் என்றால், அடுக்குமாடி கட்டுவதற்காக மூடப்பட்ட ஒரு சிற்றாற்றின் தேவன். ஆறு போனது, பெயரும் போனது. அந்தப் பையன் அவளுக்கு ஒரு சோற்றுருண்டை கொடுக்கிறான். அதுவரை அழாதவள், அதைக் கடித்ததும் விம்மி விம்மி அழுகிறாள். அரிசி விற்றே பிழைத்தவன் நான். ஒரு பிடி சோற்றுக்கு அவ்வளவு அர்த்தம் இருப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

நான் மும்பைக்கு வந்த புதிதில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். என் பெயர் வாயில் நுழையவில்லை என்று முதலாளி ‘மதராசி’ என்றே பேரேட்டில் எழுதிக்கொண்டார். மூன்று வருஷம் அதுதான் என் பெயர். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. படம் முடிந்து விளக்குப் போட்டபின் பேத்தியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டை எடுத்து என் முழுப் பெயரையும், கீழே தன் பெயரையும் தமிழில் எழுதிக் காட்டினாள். இரண்டு எழுத்துப் பிழை. அன்றைக்குத் திருத்தவில்லை, மறுநாள் திருத்தினோம்.

அந்தப் பெரியவரைப் பற்றியும் சொல்லி முடிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு மாலை தானாக வந்தார். “அன்னிக்குப் பாதில விட்டதைப் போடு, மிச்சத்தையும் பார்த்துடறேன்” என்றார். நாங்கள் இருவர் மட்டும் பார்த்தோம். முடிந்ததும் தம் தங்கையின் பெயரைச் சொன்னார். அறுபது ஆண்டுக்கு மேல் அந்தப் பெயரை உச்சரிக்கவில்லை என்றும் சொன்னார்.

ஒரு சொல். நம் வீட்டு மராத்தி நண்பருக்கும் குஜராத்தி சம்பந்திக்கும் சிலப்பதிகாரத்தை அறிமுகம் செய்ய நாம் எத்தனை முறை முயன்று தோற்றிருக்கிறோம்! காண்டம், காதை, யாப்பு என்று மூட்டையையே அவிழ்த்துக் கொட்டுகிறோம். ‘ஒரு பெண், ஒரு சிலம்பு, தவறான ஒரு தீர்ப்பு’ என்று ஒரு பிடி எடுத்து நீட்டினால் போதுமே. ஜப்பானியரிடமிருந்து வாங்கிக்கொள்ளும்போது கற்ற பாடம், நம்முடையதைக் கொடுக்கும்போதும் உதவும். வரும் ஞாயிறு, வாட்ஸ்அப்பில் கிப்லி முகம் போட்டுக்கொண்ட அன்பர்கள் டொட்டோரோவிலிருந்து தொடங்குமாறு வேண்டிக்கொள்கிறேன். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள மறவாதீர்கள்.